வெள்ளிக்கிழமை பிறந்த ஊர்

அந்த வருஷம் மழை தொடங்குமுன் வோடோமே ஊரில் மொத்தம் இரண்டே பெயர்கள்தான் மிஞ்சியிருந்தன. ஆண்பிள்ளை என்றால் கோஃபி, பெண்பிள்ளை என்றால் அஃபி. மற்றபடி ஊரில் ஒன்பதாயிரம் ஜனம் இருந்தது. எல்லோரும் பழையபடியே மீன் பிடித்தார்கள், சண்டை போட்டார்கள், பிள்ளை பெற்றார்கள்.

இது யாரோ ஒரு முட்டாள் செய்த வேலை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு முட்டாளால் இவ்வளவு முடியாது. மூன்று அரசாங்கங்கள் எழுபது வருஷம் பாடுபட்டு முடித்த காரியம் இது.

முதலில் ஜெர்மன்காரர்கள். அவர்களோடு வந்த பாதிரியார் பொறுமையில்லாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரையே காயல் கரையில் நிறுத்தி மொத்தமாக ஞானஸ்நானம் கொடுத்தார். வேண்டாமென்று படகேறித் தப்பியவர்கள்மேல் கரையில் நின்றபடியே வாளித் தண்ணீரை விசிறினார். தண்ணீர் எட்டியதா இல்லையா என்று இன்னும் வாக்குவாதம் உண்டு. பதிவேட்டில் எட்டியிருக்கிறது. பிறகு யுத்தம் வந்து இங்கிலீஷ்காரர்கள் கொஞ்ச நாள் இருந்தார்கள். அவர்கள் யாரையும் பதிவு செய்யவில்லை, ஆகவே இந்த விஷயத்தில் அவர்கள்மேல் நமக்கு வருத்தமில்லை.

அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள். பிறப்புச் சான்றிதழ் எழுத வரும் துரை வெள்ளிக்கிழமைதான் வருவார். அவர் கத்தோலிக்கர், வெள்ளிக்கிழமை மாமிசம் ஆகாது. வோடோமேயின் மீனோ, மாவட்டம் முழுக்கப் பேர்போனது. மத்தியானம் மீன் சாப்பிட்டுவிட்டு, ஜனங்களை வரிசையில் நிறுத்தி, முகத்தை ஒரு பார்வை பார்த்து, ‘சுமார் 1931-ல் பிறந்தவன்’, ‘சுமார் 1935-ல் பிறந்தவள்’ என்று எழுதுவார். அடியில் அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்து வைப்பார். அவருக்குப் பின் வந்த துரைகளும் அதே மீனுக்காக அதே கிழமையில் வந்தார்கள். சுதந்திரம் வந்ததும் நம் ஆட்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நாற்காலியோடு வெள்ளிக்கிழமையும் மீனும் கைமாறின.

கடைசியாக, நாட்டின் தந்தை ஒரு நாள் காலையில் எழுந்து, இனி இந்த மண்ணில் அந்நியப் பெயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று வானொலியில் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்த கிழமைதான் பிள்ளையின் பெயர். அது அம்மா வாயில் இருக்கும், காகிதத்தில் இருக்காது. காகிதத்தில் ஏதாவது ஒரு புனிதரின் பெயர் இருக்கும். அதை அடித்துவிட்டுக் கிழமைப் பெயரை எழுத வேண்டும் என்பது சட்டம். எந்தக் கிழமை? காகிதத்தின் அடியில் இருக்கிற தேதியின் கிழமை. அப்படித்தான் வெள்ளிக்கிழமைக்காரனின் கோஃபி என்ற பெயர் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. குடும்பப் பெயர்கள் பாதி போர்த்துகீசு, பாதி ஜெர்மன் என்று அவற்றையும் நீக்கி, அப்பாவின் அசல் பெயரைச் சேர்த்தார்கள். அப்பாக்கள் எல்லோரும் பாதிரியாரின் ஞாயிற்றுக்கிழமைக் காகிதத்தில் பிறந்தவர்கள். ஞாயிறு என்றால் கோசி. ஆக, ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய ஆண் ஒவ்வொருவனும் கோஃபி கோசி.

ஃபெலிசிதேக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அவள் புருஷன் செலெஸ்தேன் தபாலாபீஸில் கடிதம் பிரிப்பவர். விதிப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற ஆள். சென்ற வருஷம் ஒரு மந்திரி, நாட்டின் தந்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினார். உறைமேல் ‘நாட்டின் தந்தை அவர்களுக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தது. தெரு இல்லை, தபால்பெட்டி எண் இல்லை. செலெஸ்தேன் அதன்மேல் ‘முகவரி போதாது, அனுப்பியவருக்கே திருப்புக’ என்று முத்திரை குத்தினார். போஸ்ட்மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, “அடப்பாவி, அது யாருன்னு உனக்குத் தெரியாதா?” என்று கேட்டார். “எனக்குத் தெரியும் சார், உறைக்குத் தெரியணுமே” என்றார் செலெஸ்தேன். மூன்றாம் நாள் வாசலில் ஜீப் வந்து நின்றது. வழக்கு இல்லை, விசாரணை இல்லை. விசாரணை எப்போது என்று ஃபெலிசிதே போய்க் கேட்டதற்கு, எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது எதை விசாரிப்பது என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள்.

சிறை என்பது ஜெர்மன்காரன் கட்டிய கொப்பரைக் கிடங்கு. பிரெஞ்சுக்காரன் வெள்ளையடித்தான், நம்மவர்கள் கதவை மாற்றினார்கள். ஃபெலிசிதே தினமும் பதினோரு மணிக்குச் சோளக்களியும் மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு அங்கே போவாள். வாசல் குமாஸ்தா கொம்லான் வேறு ஊர்க்காரர், செவ்வாய்க்கிழமைக்காரர். சாந்தமான மனுஷன். யாரையும் அதட்ட மாட்டார். பெயர்ச் சட்டம் வந்த மறுநாள், அவள் பாத்திரத்தை வாங்காமல் உச்சுக் கொட்டினார்.

“யாருக்குக்கா இது?”

“இதென்ன தம்பி புதுசா கேக்கறே? செலெஸ்தேனுக்குத்தான்.”

“அந்தப் பேரு ரத்தாயிடுச்சேக்கா. உள்ள அப்படி யாரும் இல்ல.”

“பேருதானே ரத்து? ஆள் இருக்காரே?”

“ஆளை நாங்க எங்கக்கா பாக்கறோம்? பேரைத்தான் பாக்கறோம். பேர் மீட்பு ஆபீஸுக்குப் போயி புதுச் சீட்டு வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் இவருக்குச் சோறு கொடுத்தா, இல்லாத ஆளுக்குச் சோறு கொடுத்த குத்தம் என் தலையில விழும்.”

அசல் பெயர் மீட்பு இயக்குநரகம் பழைய மிஷன் பள்ளிக்கூடத்தில் இருந்தது. ஃபெலிசிதே மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனாள். பெற்றவள் சாட்சி சொன்னால் யார் மறுக்க முடியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. இயக்குநர், போன மாதம் வரை போனவென்ச்சர் என்ற பெயரில் சுகமாக இருந்தவர், சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“மார்ச் பதினொண்ணு, 1938. வெள்ளிக்கிழமை. கோஃபி. அப்பா ஞாயித்துக்கிழமை. கோஃபி கோசி. அடுத்த ஆள்!”

மாமியார் மேஜையைத் தட்டினாள். “யாருய்யா கோஃபி? என் மகன் புதன்கிழமை பொறந்தவன். மிளகாய் விக்கப்போன எடத்துல வலி வந்து, மிளகாய்க் கூடைக்குப் பக்கத்துலயே பெத்தேன். கோக்குன்னுதான் கூப்பிடுவேன்.”

“நீங்க பெத்தது நிஜம்தான்மா. அது உங்க சொந்த விஷயம். அரசாங்கத்தைப் பொறுத்தவரைக்கும் அவர் பொறந்தது இந்தத் தேதியில, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்.”

“அன்னிக்கு அவனுக்கு ஏழு வயசுய்யா! மூக்கை ஒழுக விட்டுக்கிட்டு வரிசையில நின்னான், நான்தான் துடைச்சு விட்டேன்!”

“ஏழு வருஷம் லேட்டாப் பொறந்திருக்கார். நம்ம நாட்டுல எதுதான் நேரத்துக்கு நடந்திருக்கு?” என்றார் இயக்குநர். பின்னால் வரிசையில் நின்ற சிலர் சிரித்ததும் அவருக்கு உற்சாகம் பிறந்து எழுந்து நின்றுவிட்டார். “இதோ பாருங்க. வெள்ளைக்காரன் நமக்கு ஆளுக்கொரு பேர் வெச்சுப் பிரிச்சான். நேத்து வரைக்கும் இந்த ஊர்ல ஒத்துமை கிடையாது. ஒருத்தனைக் கூப்பிட்டா ஒருத்தன்தான் திரும்புவான். இன்னிக்கு ஒரு பேரைச் சொன்னா தெருவே திரும்பிப் பாக்குது! எந்த வல்லரசுலயாவது இது உண்டா? ஆபீஸுக்கும் எவ்வளவு சௌகரியம் தெரியுமா? முன்னெல்லாம் நாலாயிரம் பேருக்கு நாலாயிரம் ஃபைல். இப்ப ஒரே ஃபைல். எவனோ ஒருத்தன் தப்புப் பண்ணினாப் போதும், எல்லார் பேர்லயும் ஏறிடும். ஆளைத் தேடற வேலையே மிச்சம்.”

வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். இயக்குநர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்து முத்திரை குத்தினார். ஃபெலிசிதேக்கும் ஒரு சீட்டுக் கிடைத்தது: அஃபி, கோஃபி கோசியின் மனைவி. அவள் செவ்வாய்க்கிழமை பிறந்தவள், வீட்டில் அப்லா. அதைச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

சீட்டோடு சிறைவாசலுக்குப் போனால் அங்கே முப்பத்திரண்டு பெண்கள் பாத்திரங்களோடு நின்றார்கள், முப்பத்திரண்டு பேரும் கோஃபி கோசியின் மனைவிகள். உள்ளே முப்பத்திரண்டு கோஃபி கோசிகள். சோறு பட்டியல் வரிசைப்படி போகும் என்றார் கொம்லான். முதல் நாள் ஃபெலிசிதேயின் பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது, ‘உப்பு பத்தலை’ என்ற சேதியோடு. செலெஸ்தேனுக்கு உப்பே ஆகாது. வேறு எவனோ தின்றிருக்கிறான் என்று அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. பிறகு பெண்கள் கூடிப் பேசி ஒரு வழி செய்தார்கள். ஒரு நாளைக்கு நாலு பேர் வீதம் சேர்ந்து ஒரே பெரிய அண்டாவில் சமைப்பது, யார் புருஷன் வயிற்றில் எது போனால் என்ன என்று எல்லோருக்கும் அனுப்புவது. இயக்குநர் சொன்ன ஒற்றுமை அந்த வாசலில்தான் கொஞ்சம் ஏற்பட்டது.

அது ரொம்ப நாள் நிம்மதியாக இருக்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வடக்கே போகிற லாரி வந்து நிற்கும். வடக்கே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை; போனவர்கள் வந்து சொன்னதில்லை. அந்தத் தடவை லாரியோடு வந்த தாளில் ‘கோஃபி கோசி, ஒருவர்’ என்று இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவனை எழுப்பி, தலையில் சாக்கைக் கவிழ்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே முப்பத்திரண்டு பெண்களும் அந்தச் சாக்கைப் பார்த்தார்கள். யாரும் அழவில்லை. யார் அழ வேண்டும் என்று தெரியவில்லை.

அன்று முதல் ஃபெலிசிதேக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்திரண்டில் ஒரு பங்கு அவள் விதவை. அது அவளா இல்லையா என்று கொம்லானிடம் தினமும் கேட்டாள். “கோஃபி கோசி நல்லா இருக்கார்க்கா” என்று அவரும் தினமும் சொன்னார்.

அப்புறம் புனிதத் தும்மல் நாள் வந்தது. நாட்டின் தந்தை காரில் ஏறப் போகும்போது ஒரு தும்மல் போட்டு நின்றாராம், அந்த நொடியில் குண்டு தவறிப்போனதாம். வருஷாவருஷம் அன்று நாடு முழுவதும் நன்றி ஆட்டம். பெண்கள் தந்தையின் முகம் அச்சிட்ட துணியை உடுத்திக்கொண்டு ஆட வேண்டும், பாட்டு முடியும் இடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் தும்ம வேண்டும். சிறைவாசலில் ஆடியவர்களுக்கு மூக்குப்பொடி அரசாங்கச் செலவு. தும்மாமல் நின்ற ஒருத்தியின் பெயரை எழுதிக்கொள்ள வந்த சிப்பாய், அஃபி என்று கேட்டதும் எரிச்சலோடு நோட்டை மூடிவிட்டுப் போனான்.

ஆட்டம் முடிந்ததும் சிறைக் கண்காணிப்பாளர் பெஞ்சின்மேல் ஏறினார். “தந்தையின் கருணைக்கு மனு வேணாம், வக்கீல் வேணாம், காரணமும் வேணாம். காரணம் இருந்தா அதுக்குப் பேரு நியாயம். காரணமே இல்லாம வந்தாத்தான் கருணை. உங்க வீட்டுக்காரங்க உள்ள வந்ததும் அப்படித்தானே? உள்ள விடறதுலயும் வெளிய விடறதுலயும் தந்தை ஒரே அளவுகோல்தான் வெச்சிருக்கார்.” ஜனங்கள் கை தட்டினார்கள். அவர் தாளை விரித்துப் படித்தார். “கோஃபி கோசி. தபால் இலாகா. விடுதலை. சம்சாரம் அஃபி முன்னால வந்து கையெழுத்துப் போடலாம்.”

ஃபெலிசிதேக்குக் கால் தரையில் பாவவில்லை. தபால் இலாகா! அப்படியானால் சாக்கில் போனது அவரில்லை. பக்கத்தில் இருந்தவள் முதுகில் தட்டித் தள்ளினாள். கதவு திறந்தது. ஒரு கண் வீங்கிப்போன, ஒல்லியான மனிதன் ஒருவன் வெளியே வந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். அவனை அவள் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

“இது என் வீட்டுக்காரர் இல்லீங்க ஐயா” என்றாள்.

“பேரைப் பாரும்மா.”

“பேரு சரிதான். ஆள் வேறீங்க.”

கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். “அப்ப தந்தை தப்பா மன்னிச்சுட்டார்ங்கறே?”

அவளைச் சுற்றி நின்ற பெண்கள் மெதுவாக இரண்டடி பின்னால் போனார்கள். மூலையில் லாரி எஞ்சின் அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது.

“இல்லீங்க. நான் அப்படிச் சொல்லலை.”

“நீ கையெழுத்துப் போடலைன்னா நாங்க ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டோம். ‘கோஃபி கோசி, தபால் இலாகா, கருணையை ஏற்க மறுத்தார்’னு எழுதி அனுப்புவோம். மறுத்தவங்களுக்கு வடக்க தனி இடம் இருக்கு. அவ்வளவுதான்.”

ஃபெலிசிதே யோசித்துப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டால் இவன் புருஷன். போடாவிட்டால் உள்ளே இருக்கிற புருஷன் லாரியில். இவனும் லாரியில்தான் போவான் போலிருக்கிறது. வீங்காத கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு நடுங்குகிறான். முதலில் இன்றைக்குத் தப்பிப்போம், நாளைக்குக் கொம்லானிடம் மெதுவாகச் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம் என்று பேனாவை வாங்கினாள். எங்கள் நாட்டில் பெரிய அழிவுகள் எல்லாம் நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்றுதான் தொடங்கியிருக்கின்றன.

வீட்டுக்கு வந்ததும் அந்த மனிதன் உட்காரக்கூட இல்லை. “உங்க வீட்டுக்காரர் உசிரோட இருக்கார்க்கா” என்றான். அதைக் கேட்டபிறகுதான் அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவன் இந்த ஊரில் பிறந்து காயல் அக்கரையில் சைக்கிள் ரிப்பேர் செய்பவன், முன்பு அன்செல்ம் என்று பெயர். சாக்கு லாரி வந்து போனதும் மனைவி பிள்ளைகள் பயந்து எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

“எப்படித் தம்பி நீ வந்தே? தாள்ல தபால் இலாகான்னு இருந்ததே?”

“காவல்காரன் முதல் வரியை மட்டும்தான்கா படிச்சான். ‘கோஃபி கோசி, வெளிய வா’ன்னான். முப்பத்தொரு பேரும் எழுந்தோம். உங்க வீட்டுக்காரர்தான் சும்மா இல்லாம, ‘எந்த கோஃபி கோசின்னு விவரம் இல்லையே, கேட்டுட்டு வாங்க’ன்னார். அவனுக்கு வந்துது பாருங்க கோவம், அவரைப் பிடிச்சு ஒரு தள்ளு தள்ளினான். அந்தத் தள்ளுல நான் முன்னால வந்து விழுந்தேன்.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “நான் இல்லைன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரலைக்கா.”

“விவரம் கேக்காட்டி அந்த மனுஷனுக்குத் தூக்கம் வராது” என்று சொல்லிவிட்டு ஃபெலிசிதே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவளுக்குப் புருஷன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷமும் அதே அளவு இருந்தது. பொழுது சாய்வதற்குள் அன்செல்ம் எல்லைப் பக்கம் நடந்துவிட்டான். நாடு கைக்குட்டை அகலம்தான். இந்த ஓரத்தில் இருமினால் அந்த ஓரத்தில் என்ன ஜலதோஷமா என்று கேட்பார்கள்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவள் சிறைவாசலில் நின்றாள். லாரி இன்னும் அங்கேயே இருந்தது. கொம்லான் எழுந்து வணக்கம் சொன்னார்.

“என்னக்கா, விடுதலை ஆனவர் சௌக்கியமா?”

“தம்பி, உனக்கே தெரியும். வெளிய வந்தது அவர் இல்ல. அவர் உள்ளதான் இருக்கார்.”

“உள்ள உங்களுக்கு யாரும் இல்லக்கா. நேத்து கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.” நோட்டைத் திருப்பி அவளுடைய கையெழுத்தைக் காட்டினார். அழகாக இருந்தது, செலெஸ்தேன்தான் அவளுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவர்.

“ஒரு தடவை கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்.”

“யாரைப் பாப்பீங்க?”

 மூடிய பெரிய கதவை நோக்கித் திரும்பி, இத்தனை மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை வெளியே விட்டாள்.

“செலெஸ்தேன்!”

பாத்திரங்களோடு நின்ற பெண்கள் திடுக்கிட்டார்கள். ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள். கொம்லான் கோபிக்கவில்லை. உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

“உட்காந்து கூப்பிடுங்கக்கா. வெயில் ஏறுது.”

இந்த ஒரு மனிதனிடமாவது ஈரம் இருக்கிறதே என்று ஃபெலிசிதேக்குக் கண் கலங்கியது. உட்கார்ந்து கூப்பிட்டாள். “செலெஸ்தேன்! நான்தான் வந்திருக்கேன்! செலெஸ்தேன்!” உள்ளே சத்தமே இல்லை. வழக்கமாகக் கேட்கும் இருமல், பாத்திர ஓசை, எதுவும் இல்லை. அரைமணி நேரம் கத்தினாள். கொம்லான் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“கொஞ்சம் சத்தமாக் கூப்பிடுங்கக்கா. பின்பக்க அறைக்குக் கேக்காது.”

குவளை அவள் உதட்டருகே நின்றது. “தம்பி, ரத்தான பேரைச் சொல்லிக் கூப்பிடறது குத்தமில்லையா?”

“கூப்பிடறது வெறும் சத்தம்தான்கா. சத்தத்துக்குச் சட்டம் இல்ல. பதில் சொன்னாத்தான் அது பேரு.” அவர் குரல் எப்போதும்போல் கனிவாகவே இருந்தது. “உங்ககிட்ட மறைப்பானேன்? உள்ள ஒருத்தர் அனுமதியில்லாம தங்கியிருக்கார். விடுதலை ஆனவர், அரசாங்கச் சிறையில, அரசாங்கப் பாயில படுத்துக்கிட்டு. பெரிய குத்தம்கா அது. முப்பது பேர்ல அவர் யாருன்னு ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டேங்கறான். காலையில இருந்து அடிச்சுப் பாத்தாச்சு. அப்பத்தான் நீங்க வந்து கூப்பிட ஆரம்பிச்சீங்க. கடவுளாப் பாத்து அனுப்பின மாதிரி. உள்ள ரெண்டு சிப்பாயை நிறுத்தியிருக்கேன். பதில் வர்ற எடத்துல ஆளைப் பிடிச்சு லாரியில ஏத்திட்டா, எனக்கும் வீட்டுக்குப் போயி சாப்பிட நேரம் இருக்கும். கூப்பிடுங்க.”

லாரியின் பின்பலகை இறக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு சாக்கு மடித்து வைத்திருந்தது.

ஃபெலிசிதே தோள்துணியின் முனையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். ஊர்த் தெய்வங்களையும் மிஷன் தெய்வத்தையும் ஒன்றாகக் கூப்பிட்டு, அந்த மனுஷன் காதை அடைத்துவிடு, நாக்கைக் கட்டிவிடு என்று மனதுக்குள் கதறினாள். மற்றப் பெண்கள் மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். கொம்லான் கதவில் காதை வைத்தார். ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொரு நிமிஷமும் போயிற்று. அரைமணி நேரம் தன் பெயரைக் கேட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே இருந்த மனிதர் அந்த அமைதியைக் கேட்டார். அவள் குரல் ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியாது.

“ஃபெலிசிதே!” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் அலறியது. “ஃபெலிசிதே, ஏன் நிறுத்திட்டே? உன்னை என்ன பண்ணினாங்க? நான் இங்கதான் இருக்கேன்!”